பாஸ்டரம்மாவின் கையில் விரல் தடம் பார்த்தேன், நான் என்ன செய்ய வேண்டும்?

பனங்காட்டுப் பெண் கேட்டது:

பெயர், ஊர், சபை எதையும் சொல்லப் போவதில்லை, தயவுசெய்து யாரும் கேட்கவும் வேண்டாம். அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விஷயங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். எந்தப் பெரிய திருச்சபையோடும் சேராத தனி சபை. கீழே ஆராதனை, மாடியில் பாஸ்டர் வீடு. நான் பத்து வருஷமாக அங்கே ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். பாஸ்டரம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இந்த மே மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி ஊற்றுகிற நேரம். பின்கட்டில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம், பாதியில் அக்கா "அம்மா" என்று கையை விட்டுவிட்டார். கஞ்சி என் காலில் சிந்தியது. பதறிப்போய் என் காலைத் துடைக்கக் குனிந்தார், அப்போது ரவிக்கைக் கை மேலே ஏறியது. முழங்கைக்கு மேலே வெளிப்பக்கம் நான்கு தடம், உள்பக்கம் ஒன்று, நீலமும் மஞ்சளுமாக. இந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை எதற்கு என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, அதற்குள் அவரே "மாடிப்படியில வழுக்கிருச்சு" என்றார்.

அதற்கப்புறம் பழைய விஷயங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. அக்கா ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தவர், ஊழியத்துக்காக விட்டுவிட்டார் என்று சொன்னார்கள். அவருக்குப் போன் போட்டால் பாஸ்டர்தான் எடுப்பார். ஆராதனை முடிந்து எங்களோடு நின்று பேசிக்கொண்டிருக்கும்போது பாஸ்டர் ரொம்பத் தன்மையாக "அம்மா, மேலே வாங்க" என்பார், அக்கா சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார். எதிர்வீட்டுப் பாட்டி எங்கள் சபை இல்லை, அவர் ஒருநாள் என்னிடம் "உங்க பாஸ்டர் வீட்டுல ராத்திரி பத்து மணிக்கு மேல பாட்டை ஏன் இவ்வளவு சத்தமா வைக்கிறாங்க, அன்னைக்கெல்லாம் பிள்ளைங்க அழுகுற சத்தமும் கேட்குது" என்றார். அப்போது அதை நான் சபை மேல் சொல்லும் குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பா இறந்தபோது விடிய விடிய எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் இந்த பாஸ்டர். என் தம்பிக்கு காலேஜ் பீஸ் கட்டியவர். அந்த மனிதரா என்று மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அபிஷேகம் பண்ணப்பட்டவர் விஷயத்துல கை வைக்காதே, நமக்கும் பிள்ளைங்க இருக்கு" என்றார். அவருடைய அண்ணன் சபையில் மூப்பர். நான் பாஸ்டரிடமே நேரில் கேட்கவா? மூப்பர்களிடம் சொல்லவா? மகளிர் காவல் நிலையத்துக்குப் போகவா? நான் ஏதாவது செய்யப்போய் அக்காவுக்கு அடி கூடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அந்தத் தடத்தைப் பார்த்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

முன்னாள் கேஸ் ஒர்க்கர்:

தங்கை, உங்கள் பயம் சரியான பயம். அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒன் ஸ்டாப் சென்டர், நம் பக்கம் 'சகி' மையம் என்பார்கள், அதில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பாஸ்டரிடம் போகாதீர்கள். மூப்பர்களிடமும் இப்போதைக்கு வேண்டாம், அதுவும் அதில் ஒருவர் உங்கள் வீட்டு உறவு என்னும்போது. நீங்கள் நல்ல மனதோடு "ஐயா, அக்கா கையில் காயம் பார்த்தேன்" என்று கேட்பீர்கள். அவரும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லிவிட்டு மாடி ஏறுவார். "யார்கிட்ட என்ன சொன்ன" என்ற கேள்விக்கு அன்றிரவு பதில் சொல்ல வேண்டியவர் அக்கா.

நீங்கள் போக வேண்டியது அக்காவிடம் மட்டும். தனியாக, அவர் எங்கே இருக்கிறார் என்று பாஸ்டர் சந்தேகப்படாத ஒரு வேலையை வைத்து. போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம், அந்தப் போன் அவருடையது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். "பாஸ்டர் அடிக்கிறாரா" என்று கேட்காதீர்கள், கணவனைக் காட்டிக்கொடுப்பது போல இருக்கும், உடனே இல்லை என்றுதான் வாயில் வரும். "அக்கா, அன்னைக்கு உங்க கையைப் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கலை. நீங்க எதுவும் சொல்லணும்னு இல்ல. எந்த நேரமானாலும் என் வீட்டுக்கு வரலாம், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். மறுத்தால் சரி என்று விட்டுவிடுங்கள். நீங்கள் நம்புகிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, முதல் நாளுக்கு அது போதும்.

"ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருக்கு வீடு, சாப்பாடு, பிள்ளைகளின் பீஸ், மரியாதை, நட்பு, ஏன் ஜெபிக்கிற இடம்கூட எல்லாமே அந்த ஒரு மனிதரின் கையில் இருக்கிறது. ஊரில் வேறொரு பெண்ணை அவள் புருஷன் அடித்தால் அவள் பாஸ்டரிடம் வந்து அழுவாள். பாஸ்டரம்மா யாரிடம் போவார்?

அவர் வாய் திறந்தால் அப்போது சொல்லுங்கள். 181 பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், உங்கள் போனிலிருந்து பேசலாம். சகி மையத்தில் மருத்துவ உதவி, போலீஸ் உதவி, சட்ட ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், பிள்ளைகளோடு வந்து ஐந்து நாள் வரை தங்கவும் இடம் உண்டு. ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அக்காவின் டிகிரி சர்டிபிகேட், பாங்கு பாஸ்புக், கொஞ்சம் பணம் இவற்றை ஒரு பையில் போட்டு உங்கள் வீட்டில் வைக்கட்டும். ஆபத்தென்றால் சொல்ல ஒரு வார்த்தையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "பாட்டுப் புத்தகம் இருக்கா" என்று கேட்டால் நீங்கள் அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டும், அப்படி ஏதாவது. நீங்கள் பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதீர்கள். கழுத்தைப் பிடித்தார், நெரித்தார் என்று ஒரு வார்த்தை வந்தாலும், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார் என்று வந்தாலும் அது வேறு கட்டம். கழுத்து நெரிபட்டால் வெளியே தடமே இல்லாமல் உள்ளே காயம் இருக்கும், அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வீட்டை விட்டுப் போகப் போகிறாள் என்று கணவனுக்குத் தெரிகிற நாட்கள்தான் எல்லாவற்றையும்விட ஆபத்தானவை, அதனால் அவர் என்ன முடிவெடுத்தாலும் அது முன்கூட்டி வெளியே கசியக் கூடாது. உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விசுவாசி:

சகோதரி, ஸ்தோத்திரம். ஒரு காயத்தைப் பார்த்துவிட்டு ஊழியக்காரர் மேல் இவ்வளவு பெரிய பழியா? அந்த அம்மாவே படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். மத்தேயு 18-இல் ஆண்டவர் முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்கிறார், அதை ஏன் இங்கே யாரும் சொல்லவில்லை? போலீஸ், கோர்ட் என்று போனால் சபை சிதறிவிடும், எத்தனை ஆத்துமாக்கள் இடறிப்போகும். ஜெபியுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

மூத்த மகள்:

விசுவாசி அண்ணா, நீங்கள் சொன்னபடியே எங்கள் வீட்டில் நடந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஒரு ஊழியக்காரரின் மகள். எந்த சபை என்பது வேண்டாம். எனக்குப் பதின்மூன்று வயதில் யாரோ மூப்பர்கள் காதில் போட, மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். நல்லவர்கள்தான், எனக்கு மிட்டாய் கொடுக்கிறவர்கள். முன் அறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா எவர்சில்வர் தட்டில் காபி கொண்டுவந்தபோது அதில் ஒருவர், "அம்மா, மனசுல ஒண்ணும் வெச்சுக்காம சொல்லுங்க, ஐயா உங்களை ஏதும் அடிச்சாங்களா?" என்று கேட்டார். அப்பா எதிரிலேயே இருக்கிறார். அம்மா தட்டைக் கீழே வைக்காமலே இல்லை என்றார். எல்லோரும் எழுந்து கைகோர்த்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு அந்தத் தட்டு எதற்குப் பயன்பட்டது என்று நான் எழுதவில்லை. அதன் ஓரத்தில் இன்றைக்கும் ஒரு நசுங்கல் இருக்கிறது.

தனியாகப் போய்ப் பேசு என்று வேதம் சொல்வது சரி. ஆனால் அப்பாவிடம் தனியாகப் பேசக்கூடிய ஆள் எங்கள் வீட்டில் யார் இருந்தார்?

எங்களைக் காப்பாற்றியது தெருமுனையில் தையல் மிஷின் வைத்திருந்த ஒரு அத்தை. எங்கள் மதமே இல்லை. ரவிக்கை அளவு எடுக்கிற சாக்கில் அம்மா அங்கே போய் உட்காருவார். அந்த அத்தை எதையும் துருவிக் கேட்டதே இல்லை, அளவு எடுக்கும்போது வலிக்கிற இடத்தைத் தொடாமல் டேப்பைச் சுற்றுவார், அவ்வளவுதான். இரண்டு வருஷம் அப்படியே போனது. ஒரு புதன்கிழமை நாங்கள் ஸ்கூல் யூனிபார்மோடு அந்தக் கடைக்குள் போனோம், அவருடைய தம்பியின் ஆட்டோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம், அங்கிருந்து ஆச்சி வீட்டுக்கு.

பனங்காட்டுப் பெண் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் வெளியே வந்த பிறகு சபையிலிருந்து ஒருவரும் எங்களைப் பார்க்க வரவில்லை. அப்பா மேடையில் நின்று குடும்பத்துக்காக அழுது ஜெபித்தார் என்றும், எல்லோரும் அவரோடு சேர்ந்து அழுதார்கள் என்றும் கேள்விப்பட்டோம். அம்மா அடியைக்கூட மறந்தார், அதை இன்னும் மறக்கவில்லை. உங்கள் அக்கா ஒருவேளை வெளியே வந்தால், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள்.

கோர்ட்டு வாசல்:

வக்கீலாக இரண்டு வார்த்தை, பொதுவாகத்தான் சொல்கிறேன். போலீஸுக்குப் போகவா என்று கேட்டிருக்கிறீர்கள். கணவனின் கொடுமைக்கான, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ, 2024 ஜூலை 1-லிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. அதில் பாதிக்கப்பட்ட பெண்ணோ, ரத்த வழியிலோ திருமண வழியிலோ தத்து வழியிலோ அவருக்கு உறவானவரோ தகவல் கொடுத்தால்தான் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய முடியும். அண்டை வீட்டுக்காரராக நீங்கள் போய் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிரிவு ஓடாது, விஷயம் மட்டும் வெளியே போய்விடும். ஆனால் அடிக்கிற சத்தம் கேட்கிற நேரத்தில் 112-ஐ அழைக்க யாருக்கும் உரிமை உண்டு, எதிர்வீட்டுப் பாட்டிக்கும் உண்டு.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வேறு மாதிரி. அதன் 4-ஆம் பிரிவில், வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம், நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. நம் மாநிலத்தில் இந்தப் பாதுகாப்பு அலுவலர்கள் சமூக நலத்துறையின் கீழ் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். இருந்தாலும் அக்காவுக்குத் தெரியாமல் அதைச் செய்யாதீர்கள். அந்தச் சட்டத்தில் அடி மட்டும் வன்முறை இல்லை, சம்பாத்தியத்தை நிறுத்துவது, மனதளவில் வதைப்பது எல்லாமே அடக்கம்.

பாஸ்டரம்மாக்களுக்கு இரண்டு பயம் இருக்கும், இரண்டுக்கும் அந்தச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. வீடு சபையுடையது, என்னைத் தெருவில் விட்டுவிடுவார்கள் என்பது ஒன்று. கணவனோடு சேர்ந்து குடியிருந்த வீட்டில் இருக்க 17-ஆம் பிரிவு உரிமை தருகிறது, அவர் பெயரில் பத்திரம் இருக்க வேண்டியதில்லை. வீடு டிரஸ்ட் பெயரில் இருந்தால் வாதம் கொஞ்சம் சிக்கலாகும், அப்போது மாற்று வீடோ வாடகையோ கேட்கலாம், 19-ஆம் பிரிவில் அதற்கு இடமுண்டு. இன்னொன்று, ஊரே கோர்ட்டில் வந்து நிற்குமே என்பது. 16-ஆம் பிரிவின்படி மூடிய அறையில் விசாரிக்கக் கேட்கலாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. விவாகரத்து கிடையாது என்று யாராவது சொல்லி வைத்திருந்தால் அதுவும் தவறு, விவாகரத்துச் சட்டத்தின் 2001 திருத்தத்துக்குப் பிறகு கிறிஸ்தவப் பெண்ணும் கொடுமையைக் காரணம் காட்டிக் கேட்கலாம். கேட்கச் சொல்லவில்லை, கதவு பூட்டவில்லை என்பது அவருக்குத் தெரியட்டும்.

காயத்தோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லி ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்கச் சொல்லுங்கள். படியில் விழுந்தேன் என்று அங்கே பதிவாகிவிட்டால் பின்னால் அதை உடைக்க நாங்கள் படுகிற பாடு பெரிது.

ஓய்வுபெற்ற போதகர்:

34 வருஷம் ஊழியம் செய்தவன். விசுவாசி தம்பிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மத்தேயு 18 தனக்கு விரோதமாகக் குற்றம் செய்தவனிடம் பேசும் முறை. இங்கே குற்றத்துக்கு ஆளானவர் அந்தச் சகோதரி. உயிருக்குப் பயந்திருக்கிறவரை அடிக்கிறவரின் முன்னால் தனியாக நிறுத்துங்கள் என்று அந்த அதிகாரம் சொல்லவில்லை. "அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதே" என்கிற 105-ஆம் சங்கீதம், தேசம் தேசமாக அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபை ராஜாக்களின் கைக்குத் தப்புவித்ததைப் பாடுகிற இடம். தாவீதும் அபிஷேகம் பண்ணப்பட்டவன்தானே? நாத்தான் தீர்க்கதரிசி அவன் முகத்துக்கு நேரே போய் "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னார். கண்காணியாக, அதாவது சபையை நடத்துகிறவனாக, இருப்பவனுக்குப் பவுல் வைத்த தகுதிகளில், 1 தீமோத்தேயு 3:3-இல், அடிக்கிறவனாக இருக்கக் கூடாது என்று எழுத்தாகவே இருக்கிறது. அதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

என் ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் ஒரு பெண் உதடு வீங்கி என்னிடம் வந்தாள். "பொறுத்துக்கோம்மா, உன் பொறுமையால அவரை ஆதாயப்படுத்திக்கொள்" என்று சொல்லி, ஜெபித்து, நானே அவளை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். அவள் உள்ளே போகும் முன் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். நான் கையசைத்தேன். அதற்கப்புறம் அவள் சபைக்கு வந்ததே இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் ஜெபத்தில் உட்கார்ந்தால் அந்த முகம் வருகிறது.

அந்தச் சகோதரியே வாய் திறந்து, பாதுகாப்பான இடத்துக்கு வந்து, சபைக்குச் சொல்லலாம் என்று சம்மதித்த பிறகு சபைக்கும் வேலை உண்டு. பாஸ்டரை உடனே பிரசங்க மேடையிலிருந்து இறக்க வேண்டும், விசாரணை முடிகிறவரை. விசாரிப்பவர்கள் வெளியாட்களாக இருக்க வேண்டும், அதில் பெண்கள் இருக்க வேண்டும். குடும்பத்துக்குப் போகிற மாதப் பணம் நிற்கக் கூடாது, அது நேராக அந்தச் சகோதரி கைக்குப் போகட்டும். இருவரையும் சேர்த்து உட்காரவைத்து ஆலோசனை கொடுக்கவே கூடாது. சபை நடுவில் மன்னித்துவிட்டேன் என்று அவரைச் சொல்லவைக்கக் கூடாது. தனி சபைகளில் பிஷப்பும் இல்லை, டயோசிஸும் இல்லை, அதனால் டிரஸ்ட் பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று சத்தமில்லாமல் தெரிந்து வையுங்கள். அன்றைக்கு அது தேவைப்படும்.

முன்னாள் கேஸ் ஒர்க்கர்:

போதகர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சேர்க்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தும், கோயில் குருக்கள் வீடு, இமாம் வீடு, பாஸ்டர் வீடு என்று விலக்கு கிடையாது. என் வேலையில் மூன்றையும் பார்த்திருக்கிறேன். அப்பா சாவுக்கு விடிய விடிய உட்கார்ந்திருந்தது உண்மை, அக்காவின் கையில் இருக்கிற தடமும் உண்மை. இரண்டையும் ஒரே மனிதர் செய்ய முடியும், தங்கை. ஒன்றை நம்புவதற்காக மற்றதைப் பொய்யாக்க வேண்டாம்.

பனங்காட்டுப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக எழுதவில்லை, வேறு போனிலிருந்து எழுதுகிறேன்.

விடுமுறை வேதாகமப் பள்ளிக்குச் சார்ட் பேப்பரும் கலர் பேப்பரும் வாங்க வேண்டும் என்று சொல்லி அக்காவை டவுனுக்குக் கூட்டிப் போனேன். பாஸ்டரே நூறு ரூபாய் கொடுத்து அனுப்பினார். கடையில் கூட்டம், பேச முடியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசிக்கு முந்தின சீட்டில் உட்கார்ந்து, கேஸ் ஒர்க்கர் அக்கா எழுதியதை அப்படியே சொன்னேன். எனக்குத்தான் குரல் நடுங்கியது. அக்கா மடியில் இருந்த சார்ட் பேப்பர் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் பேண்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். இரண்டு ஸ்டாப் போயிருக்கும். "பெரியவன் வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சது" என்றார். பெரியவனுக்கு இப்போது ஒன்பது வயது. கழுத்தைப் பிடித்ததுண்டா என்று மட்டும் கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் எங்கள் ஊர் வரும் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

போன வியாழக்கிழமை பாஸ்டர் வெளியூர் கூட்டத்துக்குப் போயிருந்தார். அக்கா பின்வாசல் வழியாக வந்து ஒரு மஞ்சப்பையைக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். நான் சமாளிக்கப் போனேன், அதற்குள் அவரே பையை வாங்கி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்து, முன்னால் பழைய சாக்கை மடித்துப் போட்டார். "அண்ணன்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார். இப்போது ராத்திரியில் நாங்கள் பின்வாசலுக்கு உள்தாழ்ப்பாள் போடுவதில்லை.